டயல் ஆகிறது, மெயில் போகவில்லை

கேள்வி: பழைய யூனிக்ஸ் கணினியில் யு.யு.சி.பி. (தொலைபேசி வழியே கணினிக்குக் கணினி மெயிலும் கோப்பும் அனுப்பும் பழைய முறை) அமைத்தேன். மோடம் டயல் செய்கிறது, இணைப்பும் கிடைக்கிறது, ஆனால் மெயில் மட்டும் வரிசையிலேயே கிடக்கிறது. ஏன்?

பதில்: மறுமுனை எடுக்கிறது என்றால் மோடம், கேபிள், மோடம் எங்கே இணைந்திருக்கிறது என்று சொல்லும் டிவைசஸ் கோப்பு எல்லாம் பெரும்பாலும் சரிதான், அதையெல்லாம் கிண்டவேண்டாம். சிஸ்டம்ஸ் கோப்பைத் திறந்து (உங்கள் யு.யு.சி.பி. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸ் வழியில் வந்ததென்றால் அதன் பெயர் எல்.சிஸ்) உங்கள் மறுமுனைக்கான வரியின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். இது வந்தால் அதை அனுப்பு என்ற ஜோடிகள் இருக்கும். அங்கே 'லாகின்:' (login:) என்று முழுதாக எழுதியிருந்தால் முதல் எழுத்தான எல்-ஐ வெட்டிவிடுங்கள், ஏனென்றால் சில கணினிகள் அதைப் பெரிய எழுத்தில் அனுப்பும், சில சிறிய எழுத்தில், இரைச்சலில் தொலைந்துபோவதும் உண்டு.

அப்புறம், மறுமுனையை அழைத்துப் பேசும் நிரலான யு.யு.சி.ஐ.கோ.வை எக்ஸ்9 (-x9) பிழைதேடல் நிலையில் ஓட்டுங்கள், எந்த எழுத்துக்காகக் காத்து நிற்கிறது என்று திரையிலேயே தெரியும். தோற்ற கையோடு மறுபடி அழைத்தால் 'இன்னும் நேரமாகவில்லை' என்று முரண்டு பிடிக்கும், அந்த மறுமுனையின் நிலைக்கோப்பை அழித்துவிட்டு அழையுங்கள். இணைய வழித் தொலைபேசி என்றால் மோடம் வேகத்தை நொடிக்கு 1200 பிட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். அதுவும் படுத்தினால் மோடத்தை விட்டுவிட்டு, நல்-மோடம் கேபிளில் ஒரு லினக்ஸ் கணினியோடு நேராக இணைத்துவிடலாம், டெய்லர் யு.யு.சி.பி. என்ற வடிவம் அதில் இன்றும் ஓடும்.