மடிந்த நெல் இலைக்குள் இருப்பது புழுவா, சிலந்தியா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் மூன்று ஏக்கரில் சம்பா நட்டிருக்கிறேன். நட்டு 30 நாள் ஆகிறது. இலைகள் அங்கங்கே மடிந்து ஒட்டிக்கிடக்கின்றன. பிரித்தால் சிலவற்றில் பச்சைப் புழு, சிலவற்றில் சிலந்தி. இரண்டும் ஒழிய இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கச் சொல்கிறார் உரக்கடைக்காரர். அடிக்கலாமா?

பதில்: இப்போது அடிக்காதீர்கள்.

வரப்பில் நின்று பார்த்தால் இரண்டு மடிப்பும் ஒன்றாகத்தான் தெரியும். வயலில் இறங்கிப் பிரித்துப் பாருங்கள். இலைச்சுருட்டுப் புழு இலையை நீளவாக்கில் மடிக்கும். தலையை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக ஆட்டி நூல் கட்டும். நூல் காயக் காயச் சுருங்கி இரு ஓரங்களையும் இழுத்து மூடிவிடும். புழு உள்ளே இருந்தபடி பச்சையத்தைச் சுரண்டித் தின்னும். பிரித்தால் வெள்ளைக் கோடுகளும் பொடிப்பொடியாக எச்சமும் இருக்கும், தொட்டதும் புழு நெளிந்து துள்ளும்.

சிலந்தி மடித்த இலை அப்படி இருக்காது. நுனிப் பக்கத்தை இரண்டு மூன்று மடிப்பாக மடக்கிப் பெட்டி போல மூடியிருக்கும். உள்ளே வெள்ளை நூல் பை, அதில் முட்டை, பக்கத்திலேயே காவலுக்குத் தாய்ச் சிலந்தி. இலையில் ஒரு சுரண்டலும் இராது. இந்தச் சிலந்தி வலை பின்னிக் காத்திருக்கும் வகை இல்லை. இரவில் பயிர் மேல் அலைந்து வேட்டையாடும். புழு, தத்துப்பூச்சி எதையும் விடாது. உங்களுக்குக் கூலி இல்லாமல் வேலை பார்க்கும் ஆளைத்தான் காசு கொடுத்துக் கொல்லச் சொல்கிறார்கள்.

கலவை மருந்து விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். அதில் பெரும்பாலும் சைபர்மெத்ரின், லாம்டா சைகலோத்ரின் போன்ற ஒன்று இருக்கும். அடித்த மறுநாள் வயல் சுத்தமாகத் தெரியும். ஆனால் சிலந்திகளும் போயிருக்கும், அதன்பின் புகையான் (தூரில் சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி) பெருகும். அதற்கு மருந்து வாங்க மறுபடி அதே கடைக்குத்தான் போவீர்கள். எந்த மருந்தானாலும் பில் கேளுங்கள். பில் இல்லை, விலை குறைத்துத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். போலி என்று பிறகு தெரிந்தால் புகார் கொடுக்கக்கூட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

இதையெல்லாம் வயலுக்கு வந்து சொல்லவேண்டியவர் வேளாண் அலுவலர். அவரை மானியப் பட்டியலிலும் காப்பீட்டுப் படிவத்திலும் உட்காரவைத்துவிட்டு, பயிருக்கு வைத்தியம் பார்க்கும் வேலையைக் கடைக்காரரிடம் விட்டிருக்கிறோம். எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் இது மாறுவதாக இல்லை.

சரி, புழுவுக்கு என்ன செய்வது? 100 இலையில் 10 சேதமானால்தான் இந்தப் பருவத்தில் மருந்தைப் பற்றி யோசிக்கவேண்டும். இளம்பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். வியட்நாமின் மேகாங் டெல்டாவில் 1994-ல், விதைத்த முதல் 40 நாள் இந்தப் புழுவுக்கு மருந்தே அடிக்காதீர்கள் என்று ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார்கள். விவசாயிகள் மருந்து அடிப்பதைப் பாதியாகக் குறைத்தார்கள், விளைச்சல் குறையவில்லை.

யூரியாவை ஒரே தடவையாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். கரும்பச்சையாகத் தளதளவென்று இருக்கும் வயலைத்தான் இந்தப் புழுவின் தாயான அந்துப்பூச்சி முட்டையிடத் தேடி வரும். டிரைக்கோகிரம்மா என்பது அந்துப்பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அதை அழிக்கும் பொடிக் குளவி. அந்த ஒட்டுண்ணி அட்டையை நட்ட 37, 44, 51-ஆம் நாட்களில் ஏக்கருக்கு 2 சிசி (கன செ.மீ. முட்டை) வீதம் கட்டலாம். அட்டையில் முட்டைகள் கறுப்பாக இருக்கவேண்டும். ஓட்டை விழுந்திருந்தால் குளவிகள் ஏற்கெனவே பறந்துவிட்டன, அந்த அட்டையை வாங்காதீர்கள்.

ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் காத்திருக்கக் கூடாது. அது கண்ணாடி இலை வரும் நேரம். கதிருக்கு முன்னால் கடைசியாக வருகிற இலை அது. நெல்மணியில் பால் பிடிக்க உணவு தருவது பெரும்பாலும் மேல் மூன்று இலைகள்தான், அதில் கண்ணாடி இலைக்குப் பெரிய பங்கு. அதற்குப் பிறகு பயிரால் வேறு இலை விட முடியாது. அது வெளுத்தால் பதர் கூடும். அதனால் தொண்டைக் கதிர் பருவத்தில், அதாவது கதிர் வெளிவராமல் தண்டுக்குள் இருக்கும்போது, தினமும் வயலில் இறங்குங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் கண்ணாடி இலையை மட்டும் எண்ணுங்கள், கீழ் இலைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 100-க்கு 5 சேதமாகிவிட்டால் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்சி மருந்தை ஏக்கருக்கு 60 மில்லி, தனியாக, ஒரே ஒரு முறை அடியுங்கள். 5 வராவிட்டால் அதுவும் வேண்டாம்.