சொந்தமில்லாத கப்பலைப் பிரெஞ்சுக் கடற்படை இயக்கியது எப்படி?

'லாத்ருவா' ரோந்துக் கப்பல் பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றியும் அதன் உடைமையாக ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அரசின் கொள்முதல் ஆணைக்குக் காத்திராமல், பிரான்சின் போர்க்கப்பல் கட்டும் நிறுவனமான டிசிஎன்எஸ் தன் சொந்தச் செலவில் அந்நாட்டின் லோரியான் நகரிலுள்ள தன் தளத்தில் அதைக் கட்டி, 2011 மே மாதம் நீரில் இறக்கியது. கடலில் மெய்ப்பிக்கப்பட்ட கப்பல் என்ற நற்பெயர் இருந்தால்தான் பிற நாடுகள் வாங்க முன்வரும் என்பதால், அதே ஆண்டு கடற்படையிடம் அதை இரவலாக ஒப்படைத்தது.

87 மீட்டர் நீளமுள்ள இக்கப்பலில் என்னை மிகவும் கவர்வது அதன் பின்பகுதிதான். கடற்கொள்ளையரையோ கடத்தல்காரரையோ மடக்க வேண்டிய வேளையில், பளுதூக்கியில் தொங்கவிட்டு இறக்கும் தாமதம் இல்லாமல், வீரர்கள் ஏறிய அதிவேகப் படகு அங்குள்ள சரிவுத்தளத்தின் வழியே சில நிமிடங்களில் நேராகக் கடலுக்குள் வழுக்கி இறங்கிவிடும். ரேடார்களையும் உணர்கருவிகளையும் ஒரே கம்பத்தில் அடக்கி, கப்பலைச் செலுத்தும் அறையிலிருந்து சுற்றிலும் 360 பாகையும் தடையின்றிக் காணுமாறு அமைத்ததும் நல்ல சிந்தனையே.

இந்தியப் பெருங்கடலில் கடற்கொள்ளைத் தடுப்பு உள்ளிட்ட பணிகளை ஆற்றியபின், 2018இல் அது நிறுவனத்திடம் திரும்பியது. பின்னர் அர்ஜென்டினா அதனை வாங்கி 'புஷார்' எனப் பெயரிட்டதுடன், மேலும் மூன்று புதிய கப்பல்களையும் பெற்றது. இந்த மூன்று புதிய கப்பல்களின் உடற்பகுதி தென்முனைக் கடற்பரப்பின் பனிக்கட்டிகளைத் தாங்குமாறு வலுவூட்டப்பட்டிருக்கிறது.