கட்டைவிரலால் பிரேக் பிடித்த மிக் டூஹன்

கேள்வி: ஆஸ்திரேலிய பைக் பந்தய வீரர் மிக் டூஹன், 1992-ல் கைக்கு எட்டிய 500 சிசி உலகப் பட்டத்தை எப்படி நழுவவிட்டார்?

பதில்: 'நழுவவிட்டார்' என்பது அவருக்கு நியாயமான சொல் அல்ல. முதல் 7 பந்தயங்களில் 5 வெற்றி, 2 இரண்டாமிடம், 130 புள்ளிகள். நெதர்லாந்தின் ஆசன் களத்தில் பயிற்சியின்போது விழுந்து வலது கால் முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் ரத்த ஓட்டம் கெட்டு, காலையே எடுக்க வேண்டிய நிலை. இத்தாலிய மருத்துவர் கிளாடியோ கோஸ்டா அவரைத் தன்னிடம் கொண்டுபோய், இடது காலின் ரத்தம் வலது காலுக்கும் கிடைக்கும்படி இரண்டையும் சேர்த்துத் தைத்தார். கால் பிழைத்தது. 4 பந்தயங்கள் போயின. பிரேசில் பந்தயத்துக்குத் திரும்பியும் புள்ளி இல்லை. தென்னாப்பிரிக்காவில் 6 புள்ளி. முடிவில் பட்டம் வென்ற போட்டியாளர் வெயின் ரெய்னிக்கு 140 புள்ளி, டூஹனுக்கு 136.

கேள்வி: அவருடைய கட்டைவிரல் பிரேக்கை என் பைக்கில் பொருத்தலாமா?

பதில்: வலது கணுக்கால் சரியாக மடங்காததால், பின் பிரேக்கை இடது கைப்பிடியில் கட்டைவிரலால் தள்ளும் லீவராக 1993-ல் அவருக்கு அமைத்தார்கள். வலது வளைவில் சாயும்போது கால் பெடலுக்கும் தரைக்கும் நடுவே மாட்டும். விரலுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால்தான் கால் நன்றாக உள்ளவர்களும் பின்னாளில் இதை எடுத்துக்கொண்டார்கள்.

விரலுக்கு வலு குறைவு. எனவே பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் சிறிதாக இருக்க வேண்டும். மிகச் சிறிதானால் லீவர் கைப்பிடி வரை போய்விடும், பிரேக் பிடிக்காது. பெடலையும் வைத்துக்கொண்டு இரு குழாய்களையும் ஒரே காலிப்பருக்கு (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) டி-இணைப்பில் சேர்ப்பது பெரிய தவறு: ஒன்றை அழுத்தினால் எண்ணெய் மற்றதன் தொட்டிக்குள் திரும்பிவிடும். தனித்தனி காலிப்பர் வேண்டும், அல்லது உள்ளேயே இரு வழிகள் பிரிந்த காலிப்பர். சாலையில் அதே விரல்தான் ஹாரனுக்கும் இண்டிகேட்டருக்கும். கால் நலமாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

கேள்வி: 1997-ல் அவர் மட்டும் ஏன் பழைய மாதிரி இன்ஜின் கேட்டார்?

பதில்: 1992-ல் வந்த 'பிக் பேங்' ஹோண்டா இன்ஜினில் 4 சிலிண்டர்களும் அடுத்தடுத்து வெடித்து, பிறகு நீண்ட இடைவெளி விடும், அந்த இடைவெளியில் பின் டயர் பிடிமானத்தை மீட்கும். சம இடைவெளியில் வெடிக்கும் பழைய மாதிரியான 'ஸ்க்ரீமர்' அந்த ஓய்வைத் தராது; டயர் சட்டென்று சுழலும். அதை ஆக்ஸிலரேட்டரில் அடக்கும் கை டூஹனுக்கு இருந்தது. 1997-ல் 15 பந்தயங்களில் 12 வெற்றி, 1994 முதல் தொடர்ந்து 4-வது பட்டம்.