தூக்க முடியாத கல்

அன்புள்ள ஐயா,

பர்கூரில் ஒரு கிரானைட் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். போன வாரம் கிரேனில் பிளாக் ஏற்றும்போது உடன் வேலை செய்யும் நண்பர் கேட்டார்: “கடவுளால் தன்னாலேயே தூக்க முடியாத கல்லைப் படைக்க முடியுமா? முடியும் என்றால் அந்தக் கல்லை அவரால் தூக்க முடியாது. முடியாது என்றால் படைக்கத் தெரியாதவர். இரண்டில் எதுவானாலும் எல்லாம் வல்லவர் இல்லை.” நான் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவன். பதில் வரவில்லை. எல்லாம் வல்ல கடவுள் தர்க்கப்படி இருக்கவே முடியாதா?

சு., பர்கூர்

அன்புள்ள சு.,

இருக்க முடியும். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்தக் கல்லை ஆதாரமாகக் காட்டுவது பிழை.

கடவுளால் எவ்வளவு பெரிய கல்லையும் படைக்க முடியும், எவ்வளவு பெரிய கல்லையும் தூக்க முடியும் என்று வையுங்கள். இரண்டுக்கும் எல்லை இல்லை. அப்போது ‘அவரால் தூக்க முடியாத கல்லைப் படைக்க முடியாது’ என்பதற்கு, ‘படைக்கிற எதையும் அவர் தூக்கிவிடுவார்’ என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. இதில் என்ன குறை? தன்னிலேயே முரண்படுவது ஒரு செயலே ஆகாது, ஆகவே அதைச் செய்யாதது வல்லமைக் குறைவும் ஆகாது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் சொல்லிவிட்டார். 1963இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜார்ஜ் மாவ்ரோடஸ் அதைக் கல் புதிருக்குப் பொருத்திக் காட்டினார். ‘என் கடவுள் தர்க்கத்துக்கும் மேலானவர்’ என்று ஒருவர் சொன்னாலும் உங்கள் நண்பருக்கு லாபமில்லை. அடுத்த ஆண்டே இன்னொரு தத்துவ அறிஞர் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் கேட்டார்: முரண்பாட்டைச் செய்ய முடிந்தவர், தூக்க முடியாத கல்லைப் படைத்துவிட்டு அதைத் தூக்கவும் மாட்டாரா?

உங்கள் மரபுக்கு வருவோம். குறளின் ‘எண்குணத்தான்’ என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் தரும் எட்டுக் குணங்களில் ஒன்று ‘முடிவில் ஆற்றல் உடைமை’. ஆனால் சித்தாந்தத்தில் இறைவன் ஒன்றுமில்லாததிலிருந்து உலகைப் படைப்பதில்லை. குயவனுக்கு மண் போல அவனுக்கு மாயை என்ற மூலப்பொருள். பதியை (இறைவனை) போலவே பசுவும் (உயிரும்) பாசமும் (உயிரைப் பிணிக்கும் கட்டும்) அநாதி, அதாவது தொடக்கமில்லாதவை. ஆற்றலுக்கு முடிவில்லை, ஆனால் அது வேலை செய்யும் பொருள் ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு இது தர்க்கத்தில் மிகத் தெளிவான ஏற்பாடாகவே படுகிறது.

என் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது, அதுவும் உங்கள் ஊர்க் கல்லிலேயே. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருக்கும் கிரானைட் வகைப் பாறைகளின் கனிமங்களிலிருந்து ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய போர் தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தையின் பல் பழுப்பேறும். அளவு மிகவும் கூடி, வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். பென்னாகரம், பாலக்கோடு பக்கம் சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இங்கே யாரும் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. ‘மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்ததால் வந்த தீமை’ என்ற வழக்கமான சமாதானம் பாறைக்குச் செல்லாது.

1955இல் தத்துவ அறிஞர் ஜே. எல். மேக்கி வைத்த கேள்வி இந்த வகையானது: எல்லாம் வல்லவன், முழுக்க நல்லவன், ஆனாலும் தீமை உண்டு. இந்த மூன்றும் எப்படிச் சேர்ந்து நிற்கும்? ஏதோ நமக்குத் தெரியாத காரணம் இருக்கலாம் என்று சொல்ல இடமிருப்பதால், இது தர்க்கப்படி முடிந்துபோன வழக்கு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பார்த்த பிறகு அந்தக் காரணத்தை என்னால் நம்ப முடியவில்லை.

சித்தாந்தம் இதற்குக் கன்மம், அதாவது முற்பிறவி வினை, என்று பதில் சொல்லும். இறைவனை நல்லவனாகவே காப்பாற்ற அந்தப் பழி குழந்தையின் மேல் போகிறது. இதை என்னால் ஏற்கவே முடியாது. ஃபுளோரைடுக்காகவே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. காவிரித் தண்ணீர் குழாயில் ஒழுங்காக வந்து, அதையே குடித்து வளரும் பிள்ளையின் பல் கறைபடாது. அதே தெருவில் பத்து வருடம் முன்னால் பிறந்த அக்காவின் பல் பழுப்பு. தங்கையின் கன்மம்தான் இலேசானது என்பீர்களா? உங்கள் வகுப்பில் இதைக் கேளுங்கள். ஆசிரியர் சொல்லும் பதிலைச் சுருக்காமல் எழுதி அனுப்புங்கள், அப்படியே வெளியிடுகிறேன்.