கேம் ஆடும்போது கணினி பட்டென்று அணைகிறது. 'பவர் சப்ளை சர்ஜ்' எச்சரிக்கையை பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங் பக்கத்தில்) ஆஃப் செய்துவிடலாமா?

இப்போதைக்கு ஆஃப் செய்யாதீர்கள். புது பவர் சப்ளையும் வாங்காதீர்கள். உங்கள் விவரத்தைப் படித்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது இரண்டின் மேலும் இல்லை, மேஜைக்கடியில் இருக்கும் யுபிஎஸ் மேல்.

நீங்கள் சொன்னது: பெங்களூரு மாரத்தஹள்ளியில் வாடகை அறை. எஸ்.பி. ரோட்டில் பாகம் பாகமாக வாங்கி நீங்களே அசெம்பிள் செய்த கணினி. ரைசன் 5 5600எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 3070, 550 வாட் பவர் சப்ளை, 600 விஏ யுபிஎஸ். ஆட்டத்தின் நடுவில் அணைகிறது. மறுபடி போட்டால், போன தடவை மின்சாரம் தாறுமாறாக வந்ததால் பாதுகாப்புக்காக நிறுத்தியதாக மதர்போர்டு சொல்கிறது. விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு. கடையில், பயாஸில் அந்த எச்சரிக்கை ஆப்ஷனை டிஸேபிள் பண்ணிவிடுங்கள் என்கிறார்கள்.

முதலில் அந்த 41-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முறையாக ஷட்டவுன் ஆகாமல் மறுபடி எழுந்தேன் என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு, அவ்வளவுதான். ஏன் அணைந்தது என்று அதற்கே தெரியாது. ஆனால் ஈவன்ட் வியூவரில் அதைத் திறந்து டீடெயில்ஸ் பகுதியில் பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 தவிர வேறு எண் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன் வந்திருக்கிறது. டிரைவர், ராம் பக்கம் தேட வேண்டும். 0 என்றால் பெரும்பாலும் மின்சாரம் போயிருக்கிறது, அல்லது கணினி அப்படியே உறைந்திருக்கிறது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: அணைந்த நேரம். இது ஏன் முக்கியம் என்பதற்கு என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

அல்சூரில் மாடி வீட்டில் குடியிருந்தேன். என் கணினியும் இப்படித்தான் அணைந்தது, ஆனால் கேம் ஆடும்போது மட்டுமல்ல, எக்செல் பார்க்கும்போதும். ராமைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். விண்டோஸை மறுபடி ஏற்றினேன். கடைசியில் பவர் சப்ளையையும் மாற்றினேன். இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் மறுபடி டப். வெறுத்துப்போய் ஈவன்ட் வியூவரில் இருந்த நேரங்களை ஒரு தாளில் எழுதினேன். எல்லாம் காலை ஆறே முக்காலுக்கும் ஏழுக்கும் நடுவில், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் எங்கள் தெருவில் வருவது காவேரித் தண்ணீர்! கீழ்வீட்டு ஓனரம்மா, "தம்பி, தண்ணி வந்திருக்கு, பாத்திரம் இருந்தா புடிச்சு வைங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, தரைத்தொட்டியிலிருந்து நீரேற்றும் சம்ப் மோட்டாரைப் போடுவார். மோட்டார் கிளம்பும் நொடியில் மற்ற நேரத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பழைய வயரிங் உள்ள வீட்டில் வோல்டேஜ் சட்டென்று இறங்கும். ஃபேன் ஒரு மூச்சு விட்டுச் சுற்றுவது கேட்கும். யுபிஎஸ் அதைக் கரண்ட் கட் என்று நினைத்து 'டக்'கென்று பேட்டரிக்கு மாறும். என் யுபிஎஸ் பேட்டரி வாங்கி மூன்று வருடத்துக்கு மேல். மாறிய வேகத்திலேயே அது படுத்துவிடும்.

இதை உறுதிசெய்யப் பெரிய கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. கணினியைக் கழற்றிவிட்டு, யுபிஎஸ்ஸில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் போட்டேன். எல்இடி பல்பு உதவாது, சுமை போதாது. பல்பு எரியும்போது யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். நல்ல பேட்டரி என்றால் கால் மணி நேரமாவது எரிய வேண்டும். என்னுடையது மஞ்சளாக ஒரு முறை விம்மி, மூன்று எண்ணுவதற்குள் அணைந்துபோனது. 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்று மாற்றியதோடு சரி. தேவையில்லாமல் வாங்கிய பவர் சப்ளை இன்னும் உழைக்கிறது, அதுவரைக்கும் ஆறுதல்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். 3070 கார்டு 220 வாட். 5600எக்ஸ் 65 வாட் என்று போட்டிருந்தாலும் வழக்கமான செட்டிங்கில் 76 வரை எடுக்கும். மதர்போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து ஓர் ஐம்பது வையுங்கள். ஏறக்குறைய 350. பவர் சப்ளை தன் பங்குக்குக் கொஞ்சம் சூடாக வீணாக்கும் என்பதால் சுவரிலிருந்து இழுப்பது 400 அருகே போகும். மானிட்டரும் அதே யுபிஎஸ்ஸில்தானே? 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் தாங்குவது 360 வாட். உங்களுடையதன் பின்பக்கத்தில் எழுதியிருக்கும், பாருங்கள். ஆட்டம் சூடுபிடிக்கும்போது வோல்டேஜ் கொஞ்சம் அசைந்து யுபிஎஸ் பேட்டரிக்கு மாறினால் போதும், தாங்காமல் கையை விரித்துவிடும். பேட்டரி புதிதாக இருந்தாலும் இதே கதைதான்.

போதாததற்கு, இந்த விலையில் கிடைக்கும் யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது தருவது வழுவழுப்பான சைன் அலை இல்லை, படிக்கட்டு மாதிரியான அலை. ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சுற்று) உள்ள சில பவர் சப்ளைகளுக்கு அது ஒத்துக்கொள்ளாது. யுபிஎஸ் மாறுகிற இடைவெளி பொதுவாகப் பிரச்சினை இல்லை. அது சில மில்லி செகண்ட்தான். நல்ல பவர் சப்ளை முழுச் சுமையிலேயே 16 மில்லி செகண்ட் அளவுக்கு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மாறிய பிறகு வருவது ஒழுங்காக இல்லாவிட்டால்தான் சிக்கல்.

ஆகவே காசு செலவில்லாத முதல் சோதனை: யுபிஎஸ்ஸை ஒதுக்கிவிட்டு நேராகச் சுவரில் மாட்டி இரண்டு மூன்று நாள் ஆடுங்கள். சுவரில் மாட்டும்போது சாக்கெட்டையும் ஒரு கண் பாருங்கள். 16 ஆம்ப் சாக்கெட்டின் பெரிய துளையில் கணினியின் 6 ஆம்ப் பிளக்கைச் செருகினால் சில இடங்களில் தொளதொளவென்று நிற்கும். லேசாக ஆட்டினால் உள்ளே 'சிர்' என்று சத்தம் வந்தாலோ பிளக் முனை கறுத்திருந்தாலோ, வேறு எதையும் தேடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். கேபினெட்டைத் தொட்டால் விறுவிறு என்கிறதா? அப்படியென்றால் எர்த் இல்லை, எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள். வாடகை வீட்டில் அது அவர் வேலை.

சுவரில் மாட்டியும் அணைகிறதா? அப்போது ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே கேமை ஆடுங்கள். கொஞ்சம் ஃபிரேம் குறையும், பரவாயில்லை. அப்படி வைத்தால் அணையவே இல்லையென்றால் குற்றவாளி பெரும்பாலும் பவர் சப்ளை, அல்லது அதிலிருந்து கார்டுக்குப் போகும் கேபிள். 3070-க்கு என்விடியா பரிந்துரைப்பது 650 வாட் பவர் சப்ளை. கூட்டினால் 350 தானே வருகிறது என்று தோன்றும். ஆனால் இந்தத் தலைமுறைக் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்தில் வழக்கமான அளவைவிட வெகுவாக மேலே பாய்ந்துவிட்டு இறங்கும், அந்தப் பாய்ச்சலில் பவர் சப்ளையின் பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொண்டு அணைத்துவிடும். மல்டிமீட்டரில் இது சிக்காது, அதற்கு அவ்வளவு வேகம் கிடையாது. கார்டில் இரண்டு 8 பின் பவர் சாக்கெட் இருந்தால், ஒரே கேபிளின் இரட்டைத் தலையை மாட்டாமல் தனித்தனியாக இரண்டு கேபிள் இழுத்து மாட்டிப் பாருங்கள்.

அணைந்த பின் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் ஒரு துப்பு. பவர் பட்டனை அழுத்தினால் அசையாமல், பின்பக்க ஸ்விட்சை அணைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போட்டால்தான் எழுகிறது என்றால், பவர் சப்ளை தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த எச்சரிக்கை விஷயம். மதர்போர்டில் உள்ள சிப் ஒன்று 12, 5, 3.3 வோல்ட் வரிகளைக் கவனித்துக்கொண்டே இருக்கும். 12 வோல்ட் என்றால் 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும், 5 சதவீதம்தான் சலுகை. அது தவறாக அளப்பதும் உண்டு. வீட்டு நாய் தபால்காரரைப் பார்த்தும் குரைக்கும், அதற்காக வாசலை எட்டிப் பார்க்காமலே அதன் வாயைக் கட்டலாமா? மேலே சொன்னதெல்லாம் பார்த்து, வேறொரு பவர் சப்ளை போட்டும் அதே செய்தி வந்தால், மல்டிமீட்டரில் 12 வோல்ட் சரியாகவும் இருந்தால், அப்போது ஆஃப் செய்யுங்கள்.

பவர் சப்ளையை மட்டும் நீங்களே திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 400 வோல்ட் அருகே தேங்கியிருக்கலாம். வாரன்டியில் கொண்டுபோனால், கடையில் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து, ஃபேன் சுற்றுவதைக் காட்டி, "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். ஃபேன் சுற்றுவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உங்கள் கிராபிக்ஸ் கார்டையும் கையோடு கொண்டுபோங்கள், அதை மாட்டி அரை மணி நேரம் லோடு கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.