கேமராவில் தேயும் மெமரி கார்டு

கேள்வி: வேளச்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் பொருத்தியுள்ள கண்காணிப்புக் கேமராவில் போட்ட 32 ஜிபி மெமரி கார்டு ஒன்றரை ஆண்டில் பழுதாகிவிட்டது. மாற்றிப் போட்ட கார்டும் இப்போது அவ்வப்போது பதிவை நிறுத்திவிடுகிறது. பதிவுகளை அடிக்கடி போட்டுப் பார்ப்பதாலும், மாதம் ஒருமுறை ஃபார்மட் செய்வதாலும்தான் கார்டு கெடுகிறது என்கிறான் என் மகன். உண்மையா? கார்டின் ஆயுளைக் கூட்ட வழி உண்டா?
– வாசகி, வேளச்சேரி

பதில்: பதிவைப் போட்டுப் பார்ப்பதால் கார்டு தேய்வதில்லை என்றே சொல்லலாம். கேமராவிலேயே செய்யும் ஃபார்மட்டும் பெரும்பாலும் கோப்புப் பட்டியலை மட்டுமே புதிதாக எழுதுகிறது. மாதம் ஒருமுறை செய்வதில் தவறில்லை. தேய்மானம் முழுவதும் எழுதுவதிலும், எழுதியதை அழிப்பதிலும் இருக்கிறது. ஃப்ளாஷ் நினைவகத்தின் நுண்ணறைகள் எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்தே தகவலைக் காக்கின்றன. அவற்றை உள்ளே செலுத்தவும் வெளியேற்றவும் உயர் மின்னழுத்தம் தேவைப்படுவதால், இடையிலுள்ள மெல்லிய ஆக்சைடு படலம் ஒவ்வொரு முறையும் சிறிது சிதைகிறது. ஓர் அறையில் ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சி வகை சுமார் 1,00,000 முறை தாங்கும். மூன்று பிட்களை வைக்கும் டிஎல்சி வகையோ ஆயிரம் முதல் சில ஆயிரம் முறைதான் தாங்கும். கடையில் நாம் வாங்கும் சாதாரண கார்டுகளில் பெரும்பாலும் இருப்பது இதுவே.

உங்கள் கேமரா விநாடிக்கு 4 மெகாபிட் வீதம் இடைவிடாமல் பதிவு செய்கிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு அது ஏறக்குறைய 43 ஜிபி ஆகிறது. அதாவது 32 ஜிபி கார்டு தினமும் ஒரு முறைக்கு மேல் முழுமையாக அழித்து எழுதப்படுகிறது. ஆண்டுக்கு 490 முறை! சிறு பக்கங்களாக எழுதினாலும் பெரிய தொகுதிகளாகவே அழிக்க முடியும் என்பதால், கேமரா அனுப்புவதைவிடக் கூடுதலாகவே கார்டுக்குள் எழுத நேர்கிறது. ஒன்றரை ஆண்டு தாங்கியதே பெரிது.

ஆகவே 128 ஜிபி கார்டு போடுங்கள், கேமரா அதை ஏற்குமா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டிலுள்ள கட்டுப்பாட்டுச் சில்லு எழுத்துச் சுமையை எல்லா அறைகளுக்கும் பகிர்ந்தளிப்பதால், அதே 43 ஜிபி அங்கே மூன்று நாளைக்கு ஒரு சுற்றாகக் குறைந்துவிடும். அசைவு தெரியும்போது மட்டும் பதிவாகும்படி அமைத்தால் சுமை இன்னும் குறையும், ஆனால் ஆள் நடமாட்டம் ஓயாத தெருமுனை என்றால் தெருவை விட்டுவிட்டு வாசற்படியை மட்டும் கண்காணிப்புப் பகுதியாகக் குறித்துவிடுங்கள். தொடர் பதிவுக்கென்றே விற்கும் ‘ஹை எண்டியூரன்ஸ்’ கார்டுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பதும் வீணல்ல. சாதாரண கார்டுகளைக் கண்காணிப்புக் கேமராவில் பயன்படுத்தினால் பல நிறுவனங்கள் உத்தரவாதம் தருவதில்லை.

ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், முழுக் கொள்ளளவும் உண்மையில் இருக்கிறதா என்று முதல் நாளே கணினியில் எழுதிப் படித்துச் சோதியுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு அமைப்பே குலையக்கூடும் என்பதால், மின்வெட்டு நேரும் பகுதியில் கேமராவுக்கு ஒரு சிறிய யுபிஎஸ் அவசியம்.

இப்போதுள்ள கார்டை மீண்டும் ஃபார்மட் செய்து பார்க்க வேண்டாம். தேய்ந்த கார்டுகளில் சில, எழுத மறுத்தாலும் படிக்கவிடும். தேவையான பதிவுகளை இன்றே கணினிக்கு மாற்றிவிட்டு அதைக் கழற்றிவிடுங்கள்.