மாமனாருக்கு வயிற்றில் ஸ்டோமா பை வைத்திருக்கிறார்கள் (வயிற்றில் குடலுக்கு வைக்கும் புது வழிதான் ஸ்டோமா, வெளியே வரும் மலம் அதன்மேல் ஒட்டிய பையில் சேரும்). வீட்டில் 4 வயது மகனும் 9 வயது மகளும் இருக்கிறார்கள். சொல்லலாமா, மறைத்துவிடலாமா?

சொல்லிவிடுங்கள். உங்கள் மாமனார் சம்மதித்தால் காட்டவும் செய்யலாம். தினமும் பையைக் காலி செய்வதும், சில நாளுக்கு ஒருமுறை மாற்றுவதும், கசிந்தால் படுக்கை விரிப்பை அலசுவதும் ஒரே வீட்டில் நடக்கும்போது மறைப்பது நடக்கிற காரியம் இல்லை. என்ன நடக்கிறது என்று தெரியாது, ஆனால் கேட்கக் கூடாது என்று மட்டும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். பயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் அப்பாவுக்கு 66 வயதில் மலக்குடலில் கேன்சர் வந்தது. ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டதால் நிரந்தர கொலோஸ்டமி, அதாவது பெருங்குடலில் வைக்கும் ஸ்டோமா. பெருங்குடலின் நுனியை இடப்பக்க அடிவயிற்றில் வெளியே கொண்டுவந்து தைத்திருக்கிறார்கள். எங்களோடுதான் இருக்கிறார். அப்போது என் மகனுக்கு 5 வயது, மகளுக்கு 13.

சின்னவன் அதுவரை தாத்தா வயிற்றில் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டுகிறவன். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கிட்டவே போகவில்லை. அறை வாசலில் நின்று பேசிவிட்டு ஓடிவிடுவான். குழந்தைக்கு அருவருப்பாக இருக்கிறது என்று அப்பாவே முடிவு செய்துகொண்டு ரொம்ப உடைந்துபோனார். பை மாற்றும்போது கதவைத் தாழ் போட்டுக்கொள்வார். ஒரு ராத்திரி தூங்கப்போகும் நேரத்தில்தான் அவன் கேட்டான்: "அம்மா, நான் ஏறிக் குதிச்சதாலயா தாத்தா வயித்துல ஓட்டை விழுந்துச்சு?"

இத்தனை நாள் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை வாசலில் நின்றிருக்கிறான். இந்த வயதில் வீட்டில் எது நடந்தாலும் தன்னால்தான் என்று நினைக்கிற குழந்தைகள் நிறைய. வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. அதனால் உங்கள் மகன் கேட்கக் காத்திருக்க வேண்டாம், நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். நான் சொன்னது இவ்வளவுதான்: "நீ குதிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தாத்தாவுக்கு மோஷன் போற குழாயில கேன்சர்னு ஒரு கெட்ட கட்டி வந்துச்சு. டாக்டர் அதை வெட்டி எடுத்துட்டாங்க. கீழ இருந்த வழியை மூடிட்டு வயித்துல புது வழி வச்சிருக்காங்க. பையில மோஷன் சேரும், தாத்தா பாத்ரூம்ல போய்க் காலி பண்ணிடுவார். யாருக்கும் ஒட்டாது." கேன்சர் என்ற வார்த்தையை ஒளிக்கவில்லை. எப்படியும் யாராவது சொல்லி அவன் காதில் விழத்தான் போகிறது.

காட்டுவது அப்பாவின் விருப்பம் என்று விட்டுவிட்டேன். உடம்பு அவருடையது. சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார். காலையில் சாப்பிடுவதற்கு முன்னால் மாற்றுவது நல்லது, அப்போது குடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். முன்கூட்டியே மகனிடம் சொல்லி வைத்தேன்: உதட்டை மடித்துப் பார்த்தால் உள்பக்கம் இருக்குமே, அப்படிச் சிவப்பாக, ஈரமாக இருக்கும், துடைக்கும்போது ஒரு பொட்டு ரத்தம் வரலாம், தாத்தாவுக்கு வலிக்காது. குடலின் அந்தப் பகுதியில் வலி உணரும் நரம்பு இல்லை என்று ஸ்டோமா நர்ஸ் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

அப்பா லுங்கியைத் தளர்த்திப் படுத்துக்கொண்டார். பையைப் பிடித்துக்கொண்டு தோலோடு ஒட்டியிருந்த தட்டை மேலிருந்து மெதுவாக உரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தேன். பையன் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்துக் காற்று சத்தமாகப் பிரிந்தது. "தாத்தா, அது பேசுது!" என்றான். அப்பா குலுங்கிச் சிரித்தார். அடுத்தது அளவு அட்டை. வட்ட வட்டமாக ஓட்டை போட்டு மில்லிமீட்டர் எழுதியிருக்கும். முதல் ஆறு முதல் எட்டு வாரம் வீக்கம் வடிந்து ஸ்டோமா சிறிதாகிக்கொண்டே வரும் என்பதால் ஒவ்வொரு முறையும் அளந்துதான் தட்டில் ஓட்டை வெட்ட வேண்டும். பெரிதாக வெட்டினால் சுற்றியிருக்கும் தோலில் மலம் பட்டுப் புண்ணாகிவிடும். அந்த அட்டையைப் பிடித்துப் படிப்பது அவன் வேலையானது. "போன தடவை 35, இப்ப 32 தாத்தா!" என்று அவன் சொல்வதைக் கேட்கவே அப்பா கதவைத் திறந்து வைத்தார்.

மகள் விஷயம் வேறு. ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தோழிகளை வீட்டுக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். தாத்தா வயிற்றில் சத்தம் வந்தால் எழுந்து போய்விடுவாள். வெட்கப்படுகிறாள் என்று என் கணவர் கண்டிக்கப் போனார், நான் தடுத்தேன். 13 வயதில் வெட்கம் இருக்கத்தான் செய்யும். பைகள் வாடை வெளியே வராத மாதிரித்தான் தயாரிக்கப்படுகின்றன, பலவற்றில் கரி வடிகட்டியும் உண்டு, வாடை வந்தால் கசிவு இருக்கிறது அல்லது பையின் வாயைச் சரியாகத் துடைக்கவில்லை என்று பொருள் என்பதை மட்டும் சொல்லி வைத்தேன். பிறகு ஒருநாள் சமையலறையில் என் பக்கத்தில் நின்று, "இது பரம்பரையா வருமாம்மா? உனக்கும் வருமா?" என்றாள். போனில் தேடித் தேடிப் படித்திருக்கிறாள். பெரும்பாலானோருக்கு இது பரம்பரையாக வருவதில்லை என்றும், ஆனாலும் அப்பாவுக்கு இருந்ததால் 40 வயதில் எனக்குக் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை) செய்யப்போகிறார்கள் என்றும், முன்னாலேயே கண்டுபிடித்தால் பரிசோதனையின்போதே சிறு கட்டிகளை எடுத்துவிடலாம் என்றும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதற்குப் பிறகு அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. பை மாற்ற அவள் இன்றுவரை வந்ததில்லை, நானும் கூப்பிடவில்லை. தாத்தாவோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறாள், அது போதும்.

உங்கள் 9 வயது மகள் இந்த இருவருக்கும் நடுவில் இருப்பாள். பள்ளியில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவள் கவலையாக இருக்கும். "இது ரகசியம் இல்ல, ஆனா தாத்தாவோட விஷயம், அவரைக் கேட்டுட்டுச் சொல்லு" என்று சொல்லிப் பாருங்கள்.

உண்மையில் பெரியவர்களைத்தான் கவனிக்க வேண்டும். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், அப்பாவுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வையுங்கள், குழந்தைகளைக் கிட்ட விடாதீர்கள் என்றார். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, அப்படியெல்லாம் ஒட்டாது, இந்த வீட்டில் தனித் தட்டு கிடையாது என்று நான் பதில் சொன்னேன். அப்பா தானாகவே பூஜை அறைக்குப் போவதை நிறுத்தியபோது, "நீங்க வந்தாத்தான் விளக்கேத்துவேன்" என்று அம்மா தீப்பெட்டியோடு நின்றுவிட்டார்.

இன்னும் இரண்டு விஷயம். ஆபரேஷன் முடிந்த புதிதில் 4 வயதுப் பிள்ளையைத் தூக்கவே வேண்டாம். ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் (ஹெர்னியா) வர வாய்ப்புண்டு, எப்போது தூக்கலாம் என்று டாக்டரைக் கேளுங்கள். மடியில் உட்கார வைக்கலாம், ஸ்டோமா இல்லாத பக்கமாக.

உங்கள் மாமனாருடையது தற்காலிகமானதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் "தீபாவளிக்குள்ள எடுத்துடுவாங்க" என்றெல்லாம் பிள்ளைகளிடம் தேதி சொல்லாதீர்கள். கீமோ இருந்தால் ஸ்டோமாவை மூடும் ஆபரேஷன் தள்ளிப்போவது சகஜம். குழந்தைகள் நாளை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். டாக்டர் நாள் குறித்த பிறகு சொன்னால் போதும்.